களம் கண்ட நூல்கள் – 11: பர்மாவிலிருந்து நான்கு புத்தகங்கள்

போர் நூல்களை எங்கிருந்து தொடங்கலாம் என்று கேட்கும் வாசகர்களுக்கு நான் தயங்காமல் சொல்லும் பெயர் வில்லியம் ஸ்லிம். இரண்டாம் உலகப்போரில் பர்மாவில் ஜப்பானியரோடு மோதிய பதினான்காவது படையின் தளபதி. அவருடைய ‘டிஃபீட் இன்டு விக்டரி’ 1956-இல் வந்தது. தடித்த புத்தகம். ஆனால் நடை அவ்வளவு தெளிவு. ஆங்கிலம் ஓரளவு படிக்கத் தெரிந்தவரும் தடுமாறாமல் போகலாம். பர்மா வரைபடம் ஒன்றை மட்டும் பக்கத்தில் விரித்து வைத்துக்கொள்ளுங்கள். சிந்த்வின் ஆறு எது, ஐராவதி ஆறு எது என்று கண்ணுக்குப் பிடிபட்டுவிட்டால் கதை தானாக ஓடும்.

தளபதிகள் எழுதும் நினைவுக்குறிப்புகளில் பல, தம்மேல் விழுந்த பழியைத் துடைக்க எழுதப்பட்டவை. வெற்றி என்றால் அது அவர்கள் போட்ட திட்டம். தோல்வி என்றால் மேலே இருந்தவர்கள் செய்த கோளாறு. ஸ்லிம் தோல்வியில்தான் தொடங்குகிறார். 1942 மார்ச்சில் பர்மாவில் இருந்த படைக்கு அவர் பொறுப்பேற்றபோது ரங்கூன் ஏற்கெனவே விழுந்துவிட்டது. ஏனாங்யாங் எண்ணெய்க் கிணறுகளுக்குத் தங்கள் கையாலேயே தீ வைத்துவிட்டு வடக்கே பின்வாங்குகிறார்கள். மே மாதம், பருவமழை இறங்கும் நேரத்தில், கந்தலும் காய்ச்சலுமாக இம்பால் வந்து சேர்கிறார்கள். அங்கே கூடாரம்கூட இல்லை. மழையில் மலைச்சரிவில் படுக்கிறார்கள். பிரிந்து போகும் நாளில் அந்தச் சிப்பாய்கள் அவரை வாழ்த்திக் குரல் எழுப்புகிறார்கள். தோல்விக்குத் தன்னால் நடத்திச் செல்லப்பட்டவர்கள் தன்னை வாழ்த்துவது எவ்வளவு உருக்கமானது, எவ்வளவு தலைகுனிய வைப்பது என்று அவர் எழுதும் இடத்தை நான் வேகமாகக் கடந்ததே இல்லை.

இந்த நூலில் எனக்கு மிகவும் பிடித்த பகுதியில் துப்பாக்கிச் சத்தம் கிடையாது. 1943-இல் அவர் கணக்குப் பார்க்கிறார்: காயம்பட்டு களத்திலிருந்து ஒருவன் வெளியேற்றப்பட்டால், நோயால் வெளியேறுபவர்கள் 120 பேர். மலேரியா, வயிற்றுக்கடுப்பு, உண்ணிக் காய்ச்சல். எதிரி வந்து அடிக்க வேண்டிய தேவையே இல்லாமல் படை கரைந்துகொண்டிருந்தது. மெபாக்ரின் என்ற மாத்திரையைத் தினமும் விழுங்கினால் மலேரியாவைக் கட்டுப்படுத்தலாம். ஆனால் அது தோலை மஞ்சளாக்கும். ஆண்மை போய்விடும் என்ற வதந்தி வேறு. சிப்பாய்கள் வாயில் போட்டுத் துப்பினார்கள். ஸ்லிம் முன்னறிவிப்பின்றிப் பிரிவு பிரிவாகப் பரிசோதனைக்கு உத்தரவிட்டார். நூற்றுக்கு 95 பேர் மாத்திரை எடுத்ததாகத் தெரியாவிட்டால் அந்தப் பிரிவின் அதிகாரிக்கு வேலை போகும். மூன்று பேரை அப்படி அனுப்பினார். அதற்குமேல் அனுப்பத் தேவைப்படவில்லை. தண்டனை சிப்பாய்க்கு இல்லை, அதிகாரிக்கு என்பதைக் கவனியுங்கள். பர்மாவை மீட்ட கதையில் ஐராவதியைக் கடந்ததற்கு எவ்வளவு இடமுண்டோ அவ்வளவு இடம் இந்த மாத்திரைக்கும் உண்டு. பாராசூட்டுக்குப் பட்டுத்துணி கிடைக்காதபோது கல்கத்தா சணல் ஆலைகளில் சணல் பாராசூட் தைக்கச் சொன்னதும் இதே புத்தி. ஆளை இறக்க அது ஆகாது. அரிசி மூட்டையை இறக்கப் போதும்.

1944-க்கு வருவோம். ஜப்பானியத் தளபதி முட்டாகுச்சி இம்பாலையும் கோஹிமாவையும் பிடிக்க மூன்று டிவிஷன்களை மலை தாண்டி அனுப்புகிறார். சிப்பாய்கள் சுமந்து வந்தது ஏறக்குறைய மூன்று வாரச் சாப்பாடு; மிச்சத்தை ஆங்கிலேயக் கிடங்குகளைப் பிடித்துச் சாப்பிடலாம் என்ற கணக்கு. அந்தக் காட்டுமலை வழியாகக் கோஹிமாவுக்கு ஒரு ரெஜிமெண்டுக்கு மேல் வர முடியாது என்று ஸ்லிம் நினைத்திருந்தார். வந்ததோ 31-ஆவது டிவிஷன் முழுதும். கோஹிமாவில் இருந்த சிறிய காவற்படை துணை ஆணையர் பங்களாவின் டென்னிஸ் மைதானத்துக்கு இந்தப் பக்கமும் எதிரி அந்தப் பக்கமுமாக நின்று போராட நேர்ந்தது. தன் தப்புக்கணக்குக்குத் தன் சிப்பாய்கள் உயிரைக் கொடுத்தார்கள் என்பதை ஸ்லிம் சுற்றி வளைக்காமல் ஒப்புக்கொள்கிறார். தன்னைக் காப்பாற்றியது எதிரியின் தப்பு என்றும் சொல்கிறார். ஜப்பானிய டிவிஷன் தளபதி சாட்டோ கோஹிமாவையே சுற்றிக்கொண்டு நின்றார். அதைத் தாண்டி, காவல் குறைந்த பெரிய கிடங்கான திமாப்பூருக்குப் போகவில்லை. விமானப்படையினர் சாட்டோவின் முகாமில் குண்டு போடட்டுமா என்று கேட்டபோது, வேண்டாம், அவர் உயிரோடு இருப்பதே எனக்கு உதவி என்று ஸ்லிம் தடுத்தாராம்.

சாட்டோவைப் பற்றி இன்னொன்றும் தெரிந்துகொள்ள வேண்டும். பட்டினியில் செத்துக்கொண்டிருந்த தன் ஆட்களை, மேலிடத்து உத்தரவை மீறிக் கோஹிமாவிலிருந்து பின்வாங்கச் செய்தவர் அவர். ஜப்பானிய ராணுவத்தில் ஒரு டிவிஷன் தளபதி அப்படிச் செய்வது அபூர்வம். ஸ்லிமின் சாட்டோ சுறுசுறுப்பில்லாத தளபதி. எனக்குத் தெரிந்த சாட்டோ அதைவிடப் பெரிய மனிதர்.

அடுத்த நூல் ஜான் மாஸ்டர்ஸின் ‘தி ரோட் பாஸ்ட் மாண்டலே’ (1961). கல்கத்தாவில் பிறந்த கூர்க்கா அதிகாரி. பின்னாளில் ‘பவானி ஜங்ஷன்’ எழுதிய நாவலாசிரியர். 1944-இல் எதிரியின் முதுகுப்புறத்தில் இறக்கப்பட்ட சிண்டிட் படையின் 111-ஆவது பிரிகேடை நடத்தினார். நூலில் சுயபெருமை கொஞ்சம் தூக்கல்தான். ஆனாலும் ஒரு காட்சிக்காகவே படிக்கச் சொல்வேன். ‘பிளாக்பூல்’ என்று பெயரிட்ட அரணைக் கைவிட்டு மழையில் மலையேறுகிறார்கள். தூக்கிச் செல்ல வழியில்லாத, பிழைக்கவே மாட்டார்கள் என்ற நிலையில் இருக்கும் காயம்பட்டவர்கள் பாதையோரம் ஸ்ட்ரெச்சர்களில் கிடக்கிறார்கள். விட்டுப்போனால் ஜப்பானியர் கையில் சிக்குவார்கள். மருத்துவர் வந்து என்ன செய்வது என்று கேட்கிறார். மாஸ்டர்ஸ் ஒவ்வொருவரையும் பார்க்கிறார். சுட்டுவிடச் சொல்லி உத்தரவிடுகிறார். பின்னால் வெடிச்சத்தம் கேட்கக் கேட்கப் படை நடக்கிறது. அந்த உத்தரவை அவர் யார் தலையிலும் கட்டவில்லை.

தளபதிக்கும் பிரிகேட் தலைவருக்கும் கீழே, மண்ணில் குழி தோண்டிக் கிடந்தவனின் குரல் ஜார்ஜ் மெக்டொனால்ட் ஃப்ரேசருடையது. ‘குவார்ட்டர்ட் சேஃப் அவுட் ஹியர்’. பத்தொன்பது வயதில் பதினேழாவது இந்திய டிவிஷனில் பார்டர் ரெஜிமெண்டின் ஒரு சின்னப் பிரிவில் இருந்தவர், நாற்பது ஆண்டுகளுக்கும் மேல் கழித்து எழுதியது. அதிகாரபூர்வமான வரலாறு ஒவ்வொன்றுக்கும் துணையாக, கடைநிலைச் சிப்பாய் சொல்லும் கதையும் ஒன்று இருக்க வேண்டும் என்பது அவர் கட்சி. ஸ்லிமின் வரைபடத்தில் ஓர் அம்புக்குறியாக வரும் மெய்க்டிலா, இங்கே தேநீர், தாகம், இருட்டு, கிணற்றில் தவறி விழுவது என்று வேறு ஊராகிவிடுகிறது.

அவருடைய பிரிவில் ஒருவன் இறந்துபோகிறான். இரவு யாரும் அழவில்லை, அவனைப் பற்றிப் பேசவும் இல்லை. அவன் பொருட்களை விரித்து வைத்து, ஒவ்வொருவரும் அதிலிருந்து ஒன்றை எடுத்துக்கொண்டு தங்களுடைய பழசை அந்த இடத்தில் வைக்கிறார்கள். கணக்குப்படி திருப்பிக் கொடுக்க வேண்டிய சாமான் எண்ணிக்கை குறையாது. அவனுடைய பொருள் மட்டும் அவர்களோடு போகும். வெளியிலிருந்து பார்ப்பவனுக்கு அது மரத்துப்போன மனமாகத் தெரியும். ஃப்ரேசர் அதை அவர்கள் செய்த மரியாதை என்கிறார், நானும் அப்படித்தான் படித்தேன். ஜப்பானியர்மீது கடைசிவரை ஆறாத கோபம் இந்த நூலில் உண்டு. சில பக்கங்கள் என்னைத் தொந்தரவு செய்தன. அவர் அதை மறைத்து எழுதியிருந்தால் புத்தகத்தை நம்பியிருக்க மாட்டேன்.

நான்காவது நூல் தமிழில் இருக்கிறது. வெ. சாமிநாத சர்மாவின் ‘எனது பர்மா வழிநடைப் பயணம்’. பிளேட்டோவையும் ரூசோவையும் தமிழுக்குக் கொண்டுவந்தவர், ரங்கூனில் ‘ஜோதி’ பத்திரிகை நடத்தியவர். 1941 டிசம்பர் 23-இல் ரங்கூன்மீது குண்டு விழுந்தது. அதற்குப் பின் அந்த நாட்டை விட்டுப் புறப்பட்ட இந்தியர்கள் பல லட்சம் பேர்; வழியில் காலராவுக்கும் பட்டினிக்கும் இரையானவர்கள் ஆயிரக்கணக்கில். சர்மாவும் மனைவியும் அந்தக் கூட்டத்தில் நடந்து வந்தவர்கள். ஸ்லிமின் படை பின்வாங்கிய அதே மாதங்களில் அகதிகளும் மேற்கே நடந்தார்கள். ஸ்லிமின் நூலில் அகதிகள் இரக்கத்தோடுதான் வருகிறார்கள், ஆனால் பாதையோரத்துக் கூட்டமாக. சர்மாவின் நூலில் அவர்களுக்கு முகம் இருக்கிறது. ஸ்லிமை முடித்த கையோடு சர்மாவை எடுங்கள். ஒன்றில் விட்டுப்போனதை இன்னொன்று நிரப்பும்.

ஒரு குறை மனதில் நிற்கிறது. பதினான்காவது படையில் பெரும்பான்மையோர் இந்தியர்கள். பாதை வெட்டியவர்களிலும் பாலம் போட்டவர்களிலும் மதராஸ் சாப்பர்கள் இருந்தார்கள். ராணுவத்தில் அவர்களைத் ‘தம்பி’ என்றே கூப்பிடுவார்கள். அவர்களில் ஒருவர் தம் வாயால் சொன்ன பர்மாக் கதை இன்னும் என் கைக்கு வரவில்லை. உங்கள் வீட்டுப் பரணில் தாத்தாவின் டைரியோ, போர்முனையிலிருந்து வந்த கடிதங்களோ இருந்தால் ஆசிரியர் முகவரிக்கு எழுதுங்கள். அவற்றுக்கென்றே இந்தத் தொடரில் ஒரு வாரத்தை ஒதுக்கத் தயாராக இருக்கிறேன்.

அடுத்த வாரம் 1962: நம்கா சூ ஆற்றங்கரையில் ஏழாவது பிரிகேடை நடத்தி, சீனரிடம் சிறைப்பட்டுத் திரும்பிய ஜான் தல்வியின் ‘ஹிமாலயன் ப்ளண்டர்’.