வட்டம் சுற்றுகிறதா? உங்கள் கம்ப்யூட்டரைத் திட்டாதீர்கள்!

திருப்பனந்தாளில் அப்பா கம்ப்யூட்டர் வாங்கி இரண்டு மாதம்தான் ஆகிறது. தங்கையின் கல்லூரி விண்ணப்பத்திற்கு அன்று கடைசி நாள். படிவத்தை நிரப்பி அனுப்பும் பட்டனில் கிளிக் செய்தால், திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்திருக்கிறது. விசாரித்த கடையில், "ராம் போதாது சார், இன்னொன்று போட்டுவிடலாம்" என்று சொல்லிவிட்டார்கள்.

அப்பா எனக்குப் போன் செய்தார். "வேறு ஏதாவது தளத்தைத் திறந்து பாருங்கப்பா" என்றேன். செய்தித்தாள் தளம் உடனே திறந்தது. "அப்போ நம்ம கம்ப்யூட்டர்ல குறை இல்லை. காசு செலவு பண்ணாதீங்க, ராத்திரி முயற்சி பண்ணுங்க" என்றேன். பத்து மணிக்கு விண்ணப்பம் போய்ச் சேர்ந்தது. கோளாறு எங்கே இருந்திருக்கும்? பார்ப்போம்.

மூன்று அடுக்குகள்

பெரிய தளங்கள் ஒரே கம்ப்யூட்டரில் இயங்குவதில்லை. நம் ஊர்த் தண்ணீரை நினைத்துக்கொள்ளுங்கள். மேட்டூர் அணையில் தண்ணீர் சேமிக்கப்படுகிறது. கல்லணையில் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் எனப் பிரித்து விடப்படுகிறது. பிறகு வாய்க்கால் வழியே வயலுக்கு வருகிறது.

தகவல் சேமிக்கும் டேட்டாபேஸ் சர்வர்தான் மேட்டூர். உங்கள் பிரவுசருடன் பேசும் வெப் சர்வர், வாய்க்கால். நடுவில் உள்ள கல்லணைதான் அப்ளிகேஷன் சர்வர். விண்ணப்பம் சரியா, பணம் வந்ததா என்று கணக்குப் பார்ப்பது இதுவே. ஆரக்கிளின் வெப்லாஜிக், ஐபிஎம்மின் வெப்ஸ்பியர் ஆகியவை இந்த வகை. மேட்டூரில் 120 அடி நிறைந்திருந்தாலும், கல்லணையில் மதகைத் திறக்காவிட்டால் வயல் காயத்தானே செய்யும்?

வீட்டிலேயே பழகலாம்

இதைப் பழக அப்பாச்சி டாம்கேட் போதும். முழு அப்ளிகேஷன் சர்வர் அல்ல என்றாலும், அதன் முக்கிய வேலையைச் செய்யும், இலவசமும் கூட. முதலில் ஜாவா ஜேடிகே தொகுப்பை இன்ஸ்டால் செய்திடவும். டாம்கேட் 11க்கு ஜாவா 17 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பு தேவை. பின் டாம்கேட்டின் விண்டோஸ் இன்ஸ்டாலரை டவுன்லோட் செய்து இயக்கவும். போர்ட் எண் 8080 என்பதை மாற்ற வேண்டாம். பாஸ்வேர்ட் கேட்டால் எளிதில் ஊகிக்க முடியாததாகக் கொடுங்கள். முடிந்ததும் பிரவுசரின் முகவரிக் கட்டத்தில் லோக்கல்ஹோஸ்ட் என ஆங்கிலத்தில் டைப் செய்து, கோலன் இட்டு, 8080 எனக் கொடுத்து என்டர் தட்டவும். டாம்கேட்டின் வரவேற்புப் பக்கம் வந்தால் வெற்றி! பழகி முடித்ததும் சர்வரை நிறுத்திவிடுங்கள்.

நான் செய்த தவறு

இன்ஸ்டால் செய்வது எளிது. அளவுகளைச் சரியாக அமைப்பதில்தான் சிக்கல். டாம்கேட்டில் நாம் எதையும் மாற்றாவிட்டால், ஒரே நேரத்தில் 200 கோரிக்கைகளைக் கவனிக்கும். ஆனால் அதனுடன் வரும் கனெக்ஷன் பூல், டேட்டாபேஸுக்கு 8 இணைப்புகளை மட்டுமே திறக்கும். மற்றவை காத்திருக்க வேண்டியதுதான். எவ்வளவு நேரம் என்ற வரம்பும் கிடையாது!

வேலைக்குச் சேர்ந்த புதிதில் இதை மாற்றாமல் விட்டேன். சோதனை ஓட்டத்தில் நூற்றுக்கணக்கானோர் நுழைவது போலச் செய்தபோது, எல்லாத் திரைகளிலும் வட்டம் சுற்றியது. டேட்டாபேஸ் சர்வரோ வேலையின்றிச் சும்மா இருந்தது.

பயந்துபோய் எண்ணை ஒரேயடியாக ஏற்றினேன். அதுவும் தவறு. போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் வழக்கமாக 100 இணைப்புகளையே ஏற்கும். இரண்டு அப்ளிகேஷன் சர்வர்களில் தலா 60 வைத்தால் 120 ஆகிவிடும், மீதி மறுக்கப்படும். மதகை மொத்தமாகத் திறந்தால் கரை உடையும் அல்லவா? எனவே எல்லா அடுக்குகளையும் கூட்டிப் பார்த்தே அளவு வைக்க வேண்டும். காத்திருக்கும் நேரத்திற்கும் வரம்பு வைத்தால், வட்டம் சுற்றாமல் "பிறகு முயற்சிக்கவும்" என்ற செய்தியாவது வரும்.

ரயில் டிக்கெட் தளத்தையே பாருங்கள். ஐஆர்சிடிசி 2002 ஆகஸ்டில் இணையத்தில் டிக்கெட் வழங்கத் தொடங்கியது. 2014ல் ரயில்வேயின் கிரிஸ் அமைப்பு உருவாக்கிய புதிய தளம், நிமிடத்துக்கு 2000 டிக்கெட் என்ற திறனை 7200 ஆக உயர்த்தியது. அத்தனையும் சர்வர் பக்கம் நடந்த மாற்றம்; இதற்காக யாரும் வீட்டுக் கம்ப்யூட்டரை மாற்றவில்லை.

நீங்கள் செய்ய வேண்டியவை

ஒரு தளம் மட்டும் நின்றால், கோளாறு பெரும்பாலும் அந்தப் பக்கம்தான். எல்லாத் தளங்களும் நின்றால் இணைய இணைப்பைப் பாருங்கள். இணையம் இல்லாமலே கம்ப்யூட்டர் மந்தமாக இருந்தால்தான் ராம் பற்றி யோசிக்க வேண்டும். பணம் செலுத்தும்போது வட்டம் சுற்றினால் மீண்டும் மீண்டும் கிளிக் செய்யாதீர்கள். முதலில் வங்கிக் கணக்கில் பணம் போயிருக்கிறதா என்று பாருங்கள். முக்கியமாக, கடைசி நாள் வரை காத்திருக்காதீர்கள். அன்று எல்லோரும் ஒரே மதகில்தான் நிற்பார்கள்!