"சார், என் பையன் எப்போ இந்தியாவுக்கு ஆடுவான்?"

அட்மிஷன் ஃபாரம் வாங்கின கையோடு அப்பாக்கள் என்னிடம் கேட்கிற முதல் கேள்வி இதுதான். பையனுக்கு வயசு ஒன்பது. ஷூ லேஸ்கூட அம்மாதான் கட்டிவிடுகிறாள்!

வாரத்தில் ஐந்து நாள் நான் ஒரு ஆடிட்டர் ஆபீஸில் பேலன்ஸ் ஷீட்டோடு மல்லுக்கட்டுகிற ஆசாமி. சனி, ஞாயிறு காலை ஆறு மணிக்கு மட்டும் 'கோச் சார்'. சென்னையில் ஒரு ஸ்கூல் மைதானத்தின் ஓரம் இரண்டு நெட், நாற்பது பையன்கள். 'கோச்சிங் கேம்ப்' என்று போர்டு வைத்திருந்தவரை ஃபீஸில் பேரம் பேசினார்கள். 'அகாடமி' என்று மாற்றினேன். பேச்சு மூச்சில்லை! ஆனாலும் கையில் ஒன்றும் நிற்காது. பாதியைப் பந்து தின்கிறது, மீதியை கிரவுண்ட் வாடகை.

"நல்லா நடக்குதாமே, என்னப்பா ரகசியம்?" என்று கேட்கிறார்கள் ஆபீஸ் நண்பர்கள். ஒரே ரகசியம்தான். 'போதும், நிறுத்துடா' என்று சொல்லத் தெரியணும். அதைச் சொல்லப்போய்த்தான் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

என் நெட்டில் ஒரு பையன். பதிமூன்று வயசு. ஓடி வந்து போட்டான் என்றால் கீப்பர் நாலடி பின்னால் போவான். அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. பிராக்டீஸ் முடிந்து எல்லோரும் கிளம்பின பிறகும் தனியாக நூறு பந்து போட வைப்பார். இங்கிலாந்து போர்டு தன் ஊர்ப் பையன்களுக்கு ஒரு கணக்கு வைத்திருந்தது. பதிமூன்று வயசு வரை ஒரு ஸ்பெல்லுக்கு 5 ஓவர், ஒரு நாளைக்கு 10 ஓவர். அதாவது 60 பந்து. இவன் போடுவதோ அதைப்போல மூன்று மடங்கு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பந்து போட்டுவிட்டு இடுப்பைப் பிடித்துக்கொண்டான். எனக்கு வயிற்றைக் கலக்கியது. பந்து போடும்போது அவன் இடுப்பு ஒரு பக்கம் பார்க்கும், தோள் இன்னொரு பக்கம் பார்க்கும். 'மிக்ஸட் ஆக்‌ஷன்' என்பார்கள். ஈரத்துணியைப் பிழிகிற மாதிரி முதுகெலும்பு முறுக்கிக்கொள்ளும். வளர்கிற எலும்பு, மயிரிழை மாதிரி விரிசல் விட்டுவிடும். டென்னிஸ் லில்லிக்கே 1973 வெஸ்ட் இண்டீஸ் டூரில் முதுகெலும்பு விரிசல் கண்டது. மனுஷர் ஆக்‌ஷனையே மாற்றிக்கொண்டு திரும்பி வந்து, மொத்தம் 355 டெஸ்ட் விக்கெட் எடுத்தார். நான் லில்லி இல்லை. நாலாவது டிவிஷன் லீக்கில் ஆடிக்கொண்டிருந்தபோது போன முதுகு, இன்றைக்கும் பஸ்ஸில் பிரேக் போட்டால் 'அம்மா' என்கிறது.

அந்த அப்பாவைக் கூப்பிட்டேன். "மூணு மாசம் இவன் பந்து போட வேண்டாம் சார். முதல்ல டாக்டர்கிட்ட காட்டுங்க."

"நீங்க கோச்சா, டாக்டரா? இப்படித் தடுத்தா எவன் முன்னேறுவான்?"

சேத்துப்பட்டு கதையைச் சொல்லிப் பார்த்தேன். 1987-ல் எம்.ஆர்.எஃப். பேஸ் ஃபவுண்டேஷனுக்கு ஃபாஸ்ட் பவுலர் ஆகும் ஆசையோடு பம்பாயிலிருந்து ஒரு பதினாலு வயசுப் பையன் வந்தான். பவுலிங் வேண்டாம், பேட்டிங்கைக் கவனி என்று சொல்லி அனுப்பினார் லில்லி. பையன் பெயர் சச்சின் டெண்டுல்கர். ஸ்ரீநாத், ஜாகீர் கானையெல்லாம் பட்டை தீட்டின இடம் அது. அங்கேயே 'வேண்டாம்' என்று சொல்லியிருக்கிறார்களே!

அப்பா அசரவில்லை. மறுவாரமே பையனை வேறொரு அகாடமிக்கு அழைத்துப் போய்விட்டார். அவனோடு இன்னும் மூன்று பேரும் போனார்கள். அந்த மாத கிரவுண்ட் வாடகை என் சம்பளத்திலிருந்து போனது. வீட்டில் என்ன நடந்தது என்று நீங்களே ஊகித்துக்கொள்ளுங்கள்.

ஐந்து மாதம் கழித்து அந்த அப்பா மட்டும் தனியாக வந்தார். கையில் ஸ்கேன் கவர்.

"பந்தைத் தொடவே கூடாதுன்னுட்டாங்க சார். வீட்ல ஒரே அழுகை. ஸ்கோர் எழுதவாவது உட்கார வைங்களேன்..."

இப்போது வேப்பமரத்தடியில் ஸ்கோர் புக்கோடு உட்கார்ந்திருக்கிறான். எழுத்து முத்து முத்தாக இருக்கிறது. ஓவருக்கு ஒரு தடவை கேட்கிறான், "இன்னும் எத்தனை வாரம் சார்?"

"ஏழுடா."




போன வாரமும் ஏழு என்றுதான் சொன்னேன். பயல் கண்டுபிடித்துவிட்டான்.