நெஞ்செரிவுக் குளிசை: எப்போது, எப்படி, எதுவரை?

வேளாண்மை வெட்டுக் காலத்தில் ஆலையடிவேம்புப் பகுதியில் வெறும் தேநீரோடு விடியுமுன் வயலுக்குப் போகிறவர்கள் அநேகர். பகல் உணவு நேரம் தவறுகிறது. இரவில் களைப்போடு வயிறு நிறையச் சாப்பிட்டு உடனே பாயில் சாய்கிறோம். சற்று நேரத்தில் நெஞ்சு எரிகிறது. புளித்த ஏப்பம் வருகிறது. "காஸ்ரிக்" என்று சொல்லி ஒரு குளிசையை வாயில் போடுகிறோம். இடம்பெயர்ந்து, வேளைக்கு உணவின்றிக் காலம் கழித்த பல குடும்பங்களில் இந்தக் குளிசை வீட்டுச் சாமான்களில் ஒன்றாகவே ஆகிவிட்டது. அது என்ன செய்கிறது, என்ன செய்யாது என்று நாம் அறிந்திருப்பது அவசியம்.

எரிவு எங்கிருந்து வருகிறது?

உணவு சமிபாடடைய இரைப்பை ஐதரோக்குளோரிக் அமிலத்தைச் சுரக்கிறது. இரைப்பையின் உட்சுவரைச் சளிப்படலம் காக்கிறது. உணவுக்குழாய்க்கு அத்தகைய காப்பு இல்லை. இரண்டுக்கும் இடையிலுள்ள தசைவளையம் தளர்ந்தால் அமிலம் மேலே வந்து சுடுகிறது. நிரம்பிய வயிற்றோடு படுப்பது, புகைத்தல், மது ஆகியவை இதற்கு வழிசெய்கின்றன.

குளிசையின் வேலை

புளித்த மண்ணுக்கு நாம் சுண்ணாம்பு அல்லது டொலமைட் இடுகிறோம் அல்லவா? குளிசையின் வேலையும் அதுவே. அதிலுள்ள காரப்பொருள் அமிலத்தோடு சேர்ந்து அதன் வேகத்தைத் தணிக்கிறது. மக்னீசியம் கலந்தது வயிற்றை இளக்கும். அலுமினியம் கலந்தது மலச்சிக்கல் தரும். ஆகவே இரண்டையும் சேர்த்தே பெரும்பாலும் தயாரிக்கிறார்கள். வீட்டிலுள்ள அப்பச்சோடாவும் அமிலத்தைத் தணிக்கும். ஆனால் அதில் சோடியம் அதிகம். பிரஷர் உள்ளவர்களுக்கு அது ஆகாது.

வெறும் வயிற்றில் எடுத்தால் பலன் அரை மணி நேரமளவே நிற்கும். சாப்பிட்டு ஒரு மணி நேரத்தின் பின் எடுத்தால் மூன்று மணி நேரம் வரை நிற்கலாம். சப்பும் குளிசையை நன்றாகச் சப்பியே விழுங்க வேண்டும். பாணி மருந்தாயின் போத்தலைக் குலுக்கிக் குடிக்க வேண்டும்.

வேறு மருந்தோடு சேர்க்க வேண்டாம்

வயலில் இறங்குவோருக்கு எலிக்காய்ச்சல் வராமல் தடுக்க, சுகாதார உத்தியோகத்தர்களின் ஆலோசனைப்படி டொக்சிசைக்கிளின் மருந்து கொடுக்கப்படுவதுண்டு. 2008ஆம் ஆண்டில் மாத்திரம் நமது நாட்டில் 7,000க்கும் மேற்பட்டோருக்கு இந்நோய் இருப்பதாகச் சந்தேகிக்கப்பட்டது. அமிலம் தணிக்கும் குளிசையை அதே வேளையில் எடுத்தால், அதிலுள்ள உலோகம் டொக்சிசைக்கிளினைப் பிடித்துக்கொள்ளும். மருந்து உடலில் சேராது. காப்பு இருக்கிறது என்று நம்பி நாம் காப்பின்றிச் சேற்றில் இறங்குவோம். இரண்டுக்கும் இடையில் இரண்டு மூன்று மணி நேரமாவது விட வேண்டும். டொக்சிசைக்கிளினை ஒரு கிளாஸ் நிறையத் தண்ணீரோடு விழுங்கி, உடனே படுக்காமலும் இருக்க வேண்டும். இல்லாவிடில் அதுவே உணவுக்குழாயைப் புண்ணாக்கும். கர்ப்பிணித் தாய்மார் கிளினிக்கில் பெறும் இரும்புச்சத்துக் குளிசைக்கும் இவ்வாறே இடைவெளி தேவை.

சிறுநீரக நோய் உள்ளவர்கள் வைத்தியரைக் கேளாமல் இவற்றை எடுக்கக் கூடாது. மக்னீசியமும் அலுமினியமும் வெளியேறாமல் அவர்களது உடலில் தங்கிவிடும். 1990களின் நடுப்பகுதியிலிருந்து வட மத்திய மாகாண நெல் விவசாயிகளைப் பாதித்துவரும் நாட்பட்ட சிறுநீரக நோய், நமது அம்பாறை மாவட்டத்தின் தெஹியத்தகண்டியிலும் காணப்படுகிறது என்பதை மறந்துவிடலாகாது.

குளிசை போதாத இடங்கள்

இடுப்புவலிக்கும் உடல்வலிக்கும் அடிக்கடி விழுங்கும் டைக்குளோபெனாக், அஸ்பிரின் போன்றவை இரைப்பையில் புண் உண்டாக்கும். இரைப்பைப் புண்ணுக்கு இன்னொரு முக்கிய காரணம் ஒரு பக்டீரியா. அவுஸ்திரேலிய வைத்தியர்களான ரொபின் வொரன், பரி மார்ஷல் ஆகிய இருவரும் 1982இல் இதனைக் கண்டறிந்து, 2005இல் நோபல் பரிசு பெற்றனர். அமிலம் தணிக்கும் குளிசை எரிவைத் தணிக்குமே தவிர, இந்தப் பக்டீரியாவைக் கொல்லாது. அதற்கு வைத்தியர் தரும் வேறு மருந்துகள் உண்டு.

எரிவு இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால், விழுங்கக் கடினமானால், உடல் மெலிந்தால், வாந்தியில் இரத்தம் வந்தால், மலம் தார்போல் கறுத்தால் வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். நெஞ்சை அழுத்தும் வலி, கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, வியர்வை, மூச்சுத்திணறல் இவை தோன்றினால் "வாய்வுதான்" என்று குளிசை போட்டுக் காத்திருக்க வேண்டாம். அது மாரடைப்பாக இருக்கலாம். உடனே 1990 என்ற இலக்கத்துக்கு அழையுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும்.

மற்ற நாட்களில் நாமே செய்யக்கூடியவை சில உண்டு. வயலுக்குப் போகுமுன் சிறிதாவது சாப்பிடுவோம். இரவுச் சாப்பாட்டைச் சற்று முன்னதாகவும் அளவாகவும் வைத்து, இரண்டு மூன்று மணி நேரம் கழித்துப் படுப்போம். கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்குக் கீழே செங்கல் வைத்து உயர்த்துவோம். இவற்றுக்குப் பணம் தேவையில்லை. குளிசையின் தேவையும் குறையும்.