வெந்நீரும் வலிப்பும்

நரக சதுர்த்தசிக்கு முந்தைய மாலையில் கர்நாடகத்து வீடுகளில் ‘நீரு தும்புவ ஹப்ப’ கொண்டாடப்படுகிறது. ‘நீர் நிரப்பும் விழா’ என்பது அதன் பொருள். குளியலறையில் உள்ள செப்பு ஹண்டேயைப் புளியிட்டுத் துலக்கி, கழுத்தில் மாலை சூட்டி, புதுநீர் நிரப்பி வைப்பார்கள். மறுநாள் விடியலில் அந்நீரைச் சுடவைத்து எல்லாரும் எண்ணெய் தேய்த்து நீராடுவார்கள். தமிழர் வீட்டில் அந்த ஹண்டேயின் இடத்தில் அண்டா இருக்கும். பாத்திரத்தின் பெயர் மாறினாலும் வழக்கம் ஒன்றே. சொம்பில் வெந்நீரை மொண்டு, தலையில் மடமடவென்று ஊற்றிக்கொள்வதே நம் பக்கத்து நீராட்டு.

எங்கோ சில வீடுகளில் அந்நேரத்தில் ஒரு விந்தை நிகழ்வதுண்டு. நீராடிக்கொண்டிருக்கும் சிறுவனின் பார்வை ஓரிடத்தில் நிலைக்கிறது. அழைத்தால் மறுமொழி இல்லை. வாய் ஏதோ முணுமுணுக்கிறது. கை மட்டும் தொடர்ந்து நீரை மொண்டு தலையில் ஊற்றிக்கொண்டே இருக்கிறது. சில வேளைகளில் கைகால்கள் வெட்டியிழுக்க அவன் தரையில் சரிகிறான். சில நிமிடங்களில் தெளிந்து, நடந்தது எதுவும் நினைவில்லாமல் விழிக்கிறான். பேய் பிடித்தது என்று அஞ்சியோரும் உண்டு. சூடு தலைக்கேறிவிட்டது என்று கூறியோரும் உண்டு. இரண்டாவது கூற்று உண்மைக்கு மிக அருகில் சென்றிருந்தது என்பதை மருத்துவ உலகம் பின்னரே அறிந்தது. அதனை அறிவதற்கான ஆய்வுகளில் பெரும்பகுதி நடைபெற்ற நகரம் பெங்களூரு.

வலிப்பு என்பது யாது?

மனித மூளையில் ஏறத்தாழ 8,600 கோடி நரம்பணுக்கள் உள்ளன. அவை நுண்ணிய மின்துடிப்புகளால் தமக்குள் செய்தி பரிமாறிக்கொள்கின்றன. ஒரு பேரங்காடியில் ஒவ்வொருவரும் தத்தம் வேலையைப் பேசிக்கொண்டிருப்பது போன்றது அது. திடீரென ஒரு மூலையில் இருப்பவர் அனைவரும் ஒரே குரலில் கூவத் தொடங்கினால் வேறெந்தப் பேச்சும் நடைபெறாது. அவ்வாறே, நரம்பணுக்களின் ஒரு கூட்டம் கட்டுப்பாடின்றி ஒருசேரத் துடிப்பதே வலிப்பு. கூச்சல் ஒரு மூலையோடு நின்றால் பார்வை வெறிப்பதோ, ஒரு கை துடிப்பதோ மட்டும் நிகழலாம். மூளை முழுவதும் பரவினால் உணர்விழந்து உடல் முழுவதும் வெட்டியிழுக்கும். இத்தகைய வலிப்பு மீண்டும் மீண்டும் வரும் இயல்பையே வலிப்பு நோய் என்கிறோம். உலகில் ஏறத்தாழ 5 கோடிப் பேருக்கு இந்நோய் உள்ளது.

இந்நோய்க்குத் தமிழில் ‘கால்கை வலிப்பு’ என்று பெயர். அது பேச்சுவழக்கில் மருவிக் ‘காக்காய் வலிப்பு’ ஆயிற்று என்பர். காக்கைக்கும் இந்நோய்க்கும் யாதொரு தொடர்பும் இல்லை. எனினும், சொல் திரிந்தபின் அதற்கேற்ற கதைகளும் கிளைத்துவிட்டன.

குழந்தைகளுக்குக் கடுங்காய்ச்சலின்போது வரும் வலிப்பு வேறு வகை. ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையுள்ள குழந்தைகளுக்கு அது வருவதுண்டு. பெரும்பாலோர்க்கு வளர வளர அது நின்றுவிடும். காய்ச்சலில் ஒருமுறை வலிப்பு வந்த குழந்தை வலிப்பு நோயாளி ஆகிவிடுவதில்லை.

பெரும்பாலான வலிப்புகள் எப்போது வரும் என்று கூற இயலாது. சிலருக்கோ ஒரு குறிப்பிட்ட தூண்டல் போதும். 1997 டிசம்பர் 16 அன்று ஜப்பானில் ‘போக்கிமான்’ தொலைக்காட்சித் தொடரில் சிவப்பும் நீலமும் வேகமாக மாறிமாறி ஒளிர்ந்த ஒரு காட்சியைக் கண்டு, அறுநூற்றுக்கும் மேற்பட்ட சிறுவர்கள் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். அவர்களுள் பலருக்கு வலிப்பு வந்திருந்தது. அங்கே தூண்டுகோல் ஒளி, இங்கே வெந்நீர்.

கேட்டறிந்த மருத்துவர்கள்

வெந்நீரால் வலிப்பு வருவதை 1945இல் நியூசிலாந்து மருத்துவர் ஆலன் முதன்முதலில் எழுதினார். அதன்பின் உலகின் பல மூலைகளிலிருந்து ஒன்றிரண்டு செய்திகளே வந்தன. ஆதலின், மருத்துவ நூல்களில் அது ஓர் அரிய வியப்பாகவே இருந்தது. கர்நாடகத்தின் தென்பகுதியில் அது அரிதன்று என்பதை 1960களின் பிற்பகுதியிலிருந்து எழுதத் தொடங்கியவர் பெங்களூருவின் நரம்பியல் மருத்துவர் கே.எஸ். மணி. 1970களில் அவரும் உடன் பணியாற்றியோரும் 108 நோயாளிகளைப் பற்றிய விவரங்களை வெளியிட்டனர். ஒன்றிரண்டு பேரைக் கொண்டு பேசிவந்த உலகத்தின்முன் நூற்றெட்டுப் பேரின் வரலாறு வைக்கப்பட்டது.

ஓசூர் சாலையில் அமைந்துள்ள நிம்ஹான்ஸ் என்னும் தேசிய மனநல, நரம்பியல் அறிவியல் நிறுவனத்தில் இப்பணி தொடர்ந்தது. பழைய மனநல மருத்துவமனையும் 1954இல் தோன்றிய அகில இந்திய மனநல நிறுவனமும் இணைந்து 1974இல் உருவானது இந்நிறுவனம். தமிழ்நாட்டிலிருந்தும் நோயாளிகள் இங்கு வருகின்றனர். அதன் வாயிலில் தமிழைக் கேட்பது புதுமையன்று. இங்குப் பணியாற்றிய பி. சதீஷ்சந்திரா, பின்னாளில் இதன் இயக்குநராகவும் விளங்கியவர். அவரும் உடனாய்வாளர்களும் வெந்நீர் வலிப்புடைய 279 பேரை ஆராய்ந்து 1988இல் கட்டுரை வெளியிட்டனர்.

இவ்வாய்வில் ஓர் இடர்ப்பாடு இருந்தது. மூளையின் மின்துடிப்புகளைத் தாளில் அலைகளாக வரைந்து காட்டும் கருவியை ஜெர்மானிய மருத்துவர் ஹான்ஸ் பெர்கர் 1924இல் முதன்முதலாக மனிதரிடம் பயன்படுத்தினார். வலிப்பு நோயை அறிய இன்றும் அவ்வரைவே துணை. ஆயினும், வெந்நீர் வலிப்புடையோருள் பெரும்பாலோர்க்குச் சாதாரண நேரத்தில் எடுத்த வரைவு இயல்பாகவே இருந்தது. கருவி ஒன்றும் கூறவில்லை. மருத்துவமனையில் அமர்ந்திருக்கும் குழந்தையைப் பார்த்தாலும் ஒன்றும் தெரியாது. குழந்தைக்கோ நடந்தது நினைவில்லை. எஞ்சியிருந்தது ஒரே சான்று: குளியலறை வாயிலில் நின்று கண்ட தாயின் சொல். எந்நேரத்தில் வந்தது, நீர் எவ்வளவு சூடு, உடலில் ஊற்றியபோதா தலையில் ஊற்றியபோதா, எத்தனையாவது சொம்பில் என்று பொறுமையாகக் கேட்டறிந்தே இந்நோயின் உருவத்தை மருத்துவர்கள் வரைந்தெடுத்தனர். அந்தத் தாய்மார்களின் பெயர்கள் கட்டுரைகளில் இல்லை. ஆனால், கட்டுரைகளின் பெரும்பகுதி அவர்கள் கூறியதே.

கேட்டறிந்ததில் பல உண்மைகள் புலப்பட்டன. ஏறத்தாழ 40 முதல் 50 டிகிரி செல்சியஸ் சூடுள்ள நீரைத் தலையில் ஊற்றும்போதே வலிப்பு வருகிறது. பெண்பிள்ளைகளைவிட ஆண்பிள்ளைகளிடம் இது மிகுதி. பலருக்குக் குழந்தைப்பருவத்திலேயே தொடங்குகிறது. சிலருக்கு அவ்வேளையில் ஒருவகை இன்பவுணர்வு தோன்றுவதால், நிறுத்த மனமின்றி மேலும் மேலும் ஊற்றிக்கொள்கின்றனர். “போதும் என்றால் கேட்கிறானா பார்!” என்று வைதவர்கள், பிள்ளையின் பிடிவாதத்தை அன்று, நோயின் ஒரு குறியையே வைதிருக்கின்றனர். காலப்போக்கில் சிலருக்கு வெந்நீர் இன்றியும் வலிப்பு வரத் தொடங்குகிறது. ஆகவே, இது தானே போய்விடும் என்று வாளாவிருத்தல் தகாது.

சூடு தலைக்கேறும் விதம்

நம் உடல் தன் வெப்பத்தை 37 டிகிரியை ஒட்டியே காத்துக்கொள்கிறது. தலையில் வெந்நீர் ஊற்றினாலும் பெரும்பாலோர்க்கு உள்வெப்பம் மிகச் சிறிதே உயரும். வெந்நீர் வலிப்புடையோரின் செவிப்பறையருகே வெப்பத்தை அளந்தபோது, அது விரைந்து மிகுதியாக உயர்வதும் மெதுவாகவே தணிவதும் காணப்பட்டன. வெப்பத்தைச் சீராக்கும் அமைப்பு அவர்களிடம் சற்றே பிறழ்ந்துள்ளது என ஆய்வாளர்கள் கருதினர். 1990களில் நிம்ஹான்ஸ் ஆய்வுக்கூடத்தில் எலிகளின் தலையில் வெந்நீர் பாய்ச்சி இது சோதிக்கப்பட்டது. மூளையின் வெப்பம் உயர்ந்தபோது எலிகளுக்கும் வலிப்பு வந்தது. திரும்பத்திரும்ப அவ்வாறு செய்தபோது முன்னிலும் எளிதாக வலிப்பு வந்தது. ஒருமுறை மடித்த தாள் மறுமுறை அதே கோட்டில் எளிதாக மடிவது போன்றது இது.

ஒரே ஊரில் ஒரே ஹண்டேயில் நீராடுவோருள் ஒருவருக்கு மட்டும் இது ஏன்? சில குடும்பங்களில் அண்ணனுக்கும் தம்பிக்கும், தந்தைக்கும் மகனுக்கும் இந்நோய் இருந்தது. ஜக்கூரில் உள்ள ஜவாஹர்லால் நேரு உயர் அறிவியல் ஆய்வு மையத்தில் அனுரஞ்சன் ஆனந்த் குழுவினர் நிம்ஹான்ஸ் மருத்துவர்களோடு சேர்ந்து அக்குடும்பங்களின் மரபுப்பொருளை ஆராய்ந்தனர். 2009இல் பத்தாம், நான்காம் குரோமோசோம்களின் சில பகுதிகளோடு இந்நோய்க்குத் தொடர்புண்டு எனக் கண்டனர். 2017இல் எஸ்எல்சி1ஏ1 என்னும் மரபணுவில் அரிய மாற்றங்கள் சில நோயாளிகளிடம் இருப்பதைத் தெரிவித்தனர். நரம்பணுக்களைக் கிளர்ச்சியூட்டும் குளூட்டமேட் என்னும் பொருளை அப்புறப்படுத்தும் புரதத்தை உண்டாக்குவது அந்த மரபணு. துப்புரவு குறைந்தால் கிளர்ச்சி மிகும் என்பது எளிதில் விளங்கும். ஆயினும், எல்லாக் குடும்பங்களுக்கும் இதுவே காரணமன்று. ஆய்வு இன்னும் முடியவில்லை.

மருந்தைக் காட்டிலும் முதலில் வேண்டுவது நீரின் சூட்டைக் குறைப்பது. வெதுவெதுப்பான நீரில் குளித்தாலோ, தலையில் ஊற்றாமல் ஈரத்துணியால் துடைத்துக்கொண்டாலோ பலருக்கு வலிப்பு வருவதில்லை. தலைக்குக் குளித்தே ஆகவேண்டிய நாளில், குளிப்பதற்கு ஒன்றிரண்டு மணி நேரம் முன்பு மட்டும் குளோபசாம் என்னும் மாத்திரையை எடுத்துக்கொள்ளும் முறையையும் நிம்ஹான்ஸ் மருத்துவர்கள் பரிசோதித்துப் பயன் கண்டனர். நாள்தோறும் மருந்து தேவைப்படுவோரும் உண்டு. யாருக்கு எது என்பதை மருத்துவரே முடிவு செய்ய வேண்டும்.

மறைக்கப்படும் நோய்

இத்தனை எளிய தீர்வு இருந்தும் பல பிள்ளைகள் அதனைப் பெறாமல் வளர்ந்ததற்குக் காரணம், வீட்டார் வெளியில் கூறாததே. 1990களில் பெங்களூருவிலும் சுற்றியுள்ள சிற்றூர்களிலும் 1,02,557 பேரிடம் நிம்ஹான்ஸ் குழுவினர் கணக்கெடுத்தனர். நகரத்தில் ஆயிரத்துக்கு 5.7 பேருக்கும் சிற்றூர்களில் 11.9 பேருக்கும் வலிப்பு நோய் இருந்தது. மருத்துவமனை நகரத்தில், நோயாளிகளோ சிற்றூரில். மணி முதலியோர் சாமராஜநகர் மாவட்டத்து எளந்தூரில் வீடுவீடாகச் சென்று நோயாளிகளைக் கண்டறிந்து, பெனோபார்பிடால், பெனிடாயின் ஆகிய விலை குறைந்த மருந்துகளாலேயே சிற்றூர் மக்களின் வலிப்பைக் கட்டுப்படுத்த முடியும் என்று காட்டினர். அவ்வாய்வு 2001இல் ‘லான்செட்’ இதழில் வெளிவந்தது. தக்க மருத்துவம் கிடைத்தால் வலிப்பு நோயுடைய பத்துப் பேரில் ஏழு பேர் வலிப்பின்றி வாழ இயலும் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம்.

மறைத்தவர்களை மட்டும் குறைகூறுவதும் முறையன்று. வலிப்பு நோயுடையோர் மணம் செய்துகொள்ள 1999 வரை இந்து திருமணச் சட்டமே தடையாக இருந்தது. அவ்வாண்டு செய்யப்பட்ட திருத்தமே அத்தடையை நீக்கியது. சட்டமே விலக்கி வைத்த நோயை, மகளைப் பெற்ற ஒரு தாய் எவ்வாறு துணிந்து வெளியில் கூறியிருப்பாள்?

வகுப்பறையில் ஒரு மாணவருக்கு வலிப்பு வந்தால் உடனிருப்போர் செய்ய வேண்டியது சிறிதே. அருகில் உள்ள நாற்காலி, மேசைகளை அகற்ற வேண்டும். தலைக்கு அடியில் மென்மையான துணியை வைக்க வேண்டும். ஒரு பக்கமாகச் சாய்த்துப் படுக்க வைத்தால் எச்சில் மூச்சுக்குழலில் புகாது. கைகால்களை அழுத்திப் பிடிக்கலாகாது. வாயில் கரண்டியோ துணியோ நீரோ இடலாகாது. கையில் சாவிக்கொத்தைத் திணிப்பது பழைய வழக்கம். வலிப்பு தானே அடங்கும் நேரத்தில் சாவி கைக்கு வந்து சேர்வதால், அது பெயர் வாங்கிக்கொண்டது. ஐந்து நிமிடத்துக்கு மேல் நீடித்தாலோ, அடுத்தடுத்து வந்தாலோ 108ஐ அழைக்க வேண்டும். அடங்கியபின் அவர் களைத்து உறங்கக்கூடும், உறங்க விடலாம். விழித்தெழும்போது ஒருவர் அருகில் இருப்பது நல்லது. மணி பார்த்தவர், எந்தக் கை முதலில் துடித்தது, கண் எப்பக்கம் திரும்பியது, அதற்குச் சற்று முன் அவர் என்ன செய்துகொண்டிருந்தார் என்பவற்றை ஒரு தாளில் எழுதிப் பெற்றோரிடம் கொடுக்கலாம். மருத்துவர் முதலில் கேட்கப்போவது அவற்றைத்தான்.