பொய்ப்புல்லும் மெய்ந்நாயும்

புல்லுக்கும் மரத்துக்கும் தொல்காப்பியர் மரபியலில் வகுத்த வேறுபாடு மாணாக்கர் அனைவரும் அறிந்ததே. புறத்தே வயிரம் உடையது புல். அகத்தே வயிரம் உடையது மரம். இக்கணக்கின்படி வானளாவ நிற்கும் பனையும் தெங்கும் மூங்கிலும் புல்லினத்தைச் சேர்ந்தவை. வகுப்பில் இதனைச் சொல்லும்போதெல்லாம் பின்வாங்கிலிருந்து ஒரு சிரிப்பு எழும், எழட்டும். அவ்வியலிலேயே புல்லும் மரமும் ஓரறிவுடையன என்றும், விலங்குகள் ஐயறிவுடையன என்றும் வரையறை காணப்படுகின்றது. புல்லின் எல்லையைப் பனைவரை விரித்த அப்பேராசான், உள்ளும் புறமும் வயிரமற்ற, ஓரறிவும் இல்லாத புல் ஒன்று சுருள் சுருளாகக் கடையில் விற்கப்படும் என்றும், ஐயறிவுடைய நாய் அதன்மேல் படுத்துறங்கும் என்றும் எண்ணியிருக்க இடமில்லை.

அத்தகைய புல் தம்பலகாமத்துக்கும் வந்து சேர்ந்துவிட்டது. செயற்கைப்புல் என்று விற்கிறார்கள். பொய்ப்பல், பொய்க்கால் என்று வழங்கும் நம் மொழியில் இதனைப் பொய்ப்புல் எனலாம் என்பது என் கருத்து. இப்பெயரில் இகழ்ச்சி இல்லை. பொய்ப்பல்லால் உண்டு உடல் தேறியோர் பலர்.

என்னிடம் பயின்று இன்று கனடாவில் வாழும் ஒருவர், ஊரில் தனித்திருக்கும் தம் தாயாருக்காகப் பழைய வீட்டைத் திருத்திக் கட்டுகின்றார். முற்றம் முழுவதும் பொய்ப்புல் விரிக்க வேண்டும் என்பது அவர் விருப்பம். வீட்டில் மூன்று நாய்கள். “ஐயா, கடைக்காரர் ஐந்து மாதிரி அனுப்பியிருக்கிறார், எது பச்சையாக இருக்கிறது என்று அம்மாவோடு போய்ப் பார்த்துச் சொல்லுங்கோ” என்று கேட்டார். தமிழ்ப் பண்டிதனிடம் கேட்கும் கேள்வியா இது என்று சிலர் வினவலாம். நாயும் புல்லும் முற்றமும் தமிழுக்குப் புறம்பானவை அல்ல. ஆகவே நான்கு பேரைக் கேட்டும், சில நூல்களைப் பார்த்தும், மாதிரிகளைக் கையில் எடுத்து நுகர்ந்தும் அறிந்தவற்றை ஈண்டு எழுதுகின்றேன்.

அவர் விருப்பத்தில் நியாயம் உண்டு என்பதை முதலிற் சொல்ல வேண்டும். கந்தளாய்க் குளத்து நீர் பாயும் வயல்களை அடுத்தது எங்கள் ஊர். பல வளவுகளில் நிலம் களிப்பாங்கானது. ஒக்டோபர் தொடங்கிச் சனவரி வரை மாரி பெய்யும்போது முற்றம் சேறாகும். மூன்று நாய்களின் பன்னிரண்டு கால்களும் அந்தச் சேற்றை விறாந்தைக்குக் கொண்டுவரும். சீமெந்து போட்டால் பாசி பிடித்து வழுக்கும். எழுபதைக் கடந்த ஒருவர் ஒருமுறை வழுக்கி விழுந்தால் அப்பால் நடப்பது என்ன என்பதை எல்லோரும் அறிவோம். எனவே இதனை வெளிநாட்டுப் பகட்டு என்று தள்ளிவிடலாகாது.

பொய்ப்புல்லின் பிறப்பு வரலாறு சுவையானது. 1964 இல் அமெரிக்காவின் புரொவிடன்ஸ் நகரிலுள்ள மோசஸ் பிரவுன் பள்ளியில், பிள்ளைகள் விளையாடுவதற்காக அது விரிக்கப்பட்டது. மறு ஆண்டில் ஹூஸ்டன் நகரில் கூரை வேய்ந்த மாபெரும் விளையாட்டரங்கு ஒன்றைத் திறந்தார்கள். ஒளி புகும் கூரைத் தகடுகள் பந்து பிடிப்போரின் கண்ணைக் கூசச் செய்தன. தகடுகளுக்கு வண்ணம் பூசினார்கள். வெளிச்சமின்றி உள்ளே இருந்த மெய்ப்புல் மடிந்தது. 1966 இல் அவ்விடத்தைப் பொய்ப்புல் பிடித்துக்கொண்டது. பத்தாண்டு கழித்து, 1976 மொன்றியல் ஒலிம்பிக்கில் ஹொக்கி ஆட்டம் முதன்முதலாகப் பொய்ப்புல்லில் நடந்தது. அதுவரை ஏழு முறை தங்கம் வென்றிருந்த இந்திய அணி அவ்வாண்டு ஏழாம் இடத்துக்கு இறங்கியது. பள்ளிப் பிள்ளைக்காகவும் பந்துக்காகவும் பிறந்த புல் இது. நாய் பின்னர்த்தான் அதன்மேல் ஏறியது.

இனி நாயின் பக்கம் வருவோம். மெய்ப்புல் வளர்த்தோர் அதை விட்டுப் பொய்ப்புல்லை நாடுவதற்கு நாயின் சிறுநீரும் ஒரு காரணம். அதில் யூரியா மிகுதி. வயலுக்கு அளவோடு இட்டால் பயிர் தழைப்பதும், ஒரே இடத்தில் கொட்டினால் கருகுவதும் நம் கமக்காரர் அறிந்த செய்தி. நாய் சிறுநீர் விட்ட இடத்தில் புல் நடுவே கருகி, சுற்றிலும் கரும்பச்சையாகச் செழிப்பது இதனாலேயே. பொய்ப்புல் கருகாது. ஆனால் மண் செய்யும் ஒரு தொழிலை அது செய்யாது. யூரியா சிதைந்து அமோனியாவாகிறது. மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் அந்த அமோனியாவை நைத்திரேற்றாக மாற்ற, வேர் அதனை உண்கிறது. முற்றத்து மண் இவ்வாறு நாள்தோறும் செரித்துக்கொண்டிருப்பதை நாம் கவனித்ததில்லை. பொய்ப்புல்லுக்குச் செரிமானம் இல்லை. ஊற்றிய இடத்திலேயே எல்லாம் நின்று நாறும். மழைக்காலத்தில் வானமே கழுவிவிடும். மே முதல் ஓகஸ்ட் வரை கச்சான் காற்று வீசி ஊரைக் காயவைக்கும் மாதங்களிலே யார் கழுவுவது?

ஆகவே நாயுள்ள வீட்டார் புல்லின் மேற்புறத்தைப் பார்ப்பதற்கு முன் அதைப் புரட்டி அடிப்புறத்தைப் பார்க்க வேண்டும். நீர் இறங்கத் துளைகள் உண்டா, அவை எத்துணை நெருக்கம், பின்பூச்சு ஈரத்தை உறிஞ்சுகிறதா என்பன முதற் கேள்விகள். ஒரு குவளை நீரை மாதிரித் துண்டின்மேல் ஊற்றிப் பார்த்தாலே பாதி விடை கிடைக்கும். அதனினும் முக்கியம் அதன் கீழுள்ள நிலம். எங்கள் களிநிலத்தின்மேல் நேரே விரித்தால் துளை இருந்தும் பயனில்லை; நீர் இறங்கப் போக்கிடம் ஏது? மேல்மண்ணை அகழ்ந்து, உடைகல்லும் சல்லியும் இட்டு இறுக்கி, வீட்டுக்கு எதிர்ப்புறமாக வாட்டம் வைத்த பின்னரே புல்லை விரிக்கலாம். கூலியில் பெரும்பகுதி கண்ணுக்குத் தெரியாத இந்த வேலைக்கே போகும். தெரியாத வேலை என்பதனால் சிலர் அதனைச் செய்யாமலே விடுவதும் உண்டு. நின்று பார்ப்பது நல்லது.

இழையில் மூவகை பெரிதும் வழங்குகின்றன. நைலோன் உறுதியானது, ஆயினும் ஈரத்தையும் அதனோடு மணத்தையும் பிடித்து வைத்துக்கொள்ளும். பொலிபுரொப்பிலீன் விலை குறைந்தது; நாயின் ஓட்டத்துக்கு விரைவில் படுத்துவிடும். பொலிஎதிலீன் மெத்தென்றிருக்கும், நீரை உறிஞ்சாது. நாய்க்கு இம்மூன்றாவதே ஏற்றது. உயரமான இழை படத்தில் அழகாகத் தோன்றும். மலத்தை அள்ளப் போகும்போது அதன் அழகு தெரிந்துவிடும். முப்பது மில்லிமீற்றர் அளவே போதும். இழைகளுக்கிடையே தூவும் நிரப்பியாக இறப்பர்த் துகள் வேண்டவே வேண்டாம். அது சூட்டை ஏற்றும், நாயின் உரோமத்தில் ஒட்டும். சாதாரண மணலுக்குப் பதிலாகச் சியோலைற்று என்னும் கனிமத்துகளை இடுவோர் உளர். அது அமோனியாவைத் தன் நுண்துளைகளில் பிடித்து வைக்கும். நிறைந்தபின் பிடிக்காது, புதிதாக மாற்ற வேண்டும்.

மணம் ஒருபுறமிருக்க, எனக்குப் பெரிதாகப் படுவது சூடு. 2002 இல் அமெரிக்காவின் பிரிகம் யங் பல்கலைக்கழகத்தார் தம் விளையாட்டுத் திடலின் வெப்பத்தை அளந்தார்கள். வெயிலில் பொய்ப்புல்லின் மேற்பரப்பு 93 பாகை செல்சியஸ் வரை ஏறியது. பக்கத்திலிருந்த தார்த்தரை கூட அத்துணைச் சுடவில்லை. நீர் தெளித்துப் பார்த்தார்கள். 79 பாகையிலிருந்து 29 பாகைக்கு இறங்கிய வெப்பம், ஐந்து நிமிடத்தில் 49 பாகைக்கும், இருபது நிமிடத்தில் 73 பாகைக்கும் மீண்டும் ஏறிவிட்டது. மெய்ப்புல் வேரால் நீரை உறிஞ்சி இலையால் ஆவியாக்கித் தன்னைத் தானே குளிர்விக்கும். பிளாஸ்டிக்குக்கு அந்த வழி இல்லை. அமெரிக்க வெயிலில் அப்படியானால், கச்சான் மாதத்துத் தம்பலகாமத்து நண்பகலில் எப்படியிருக்கும்? நாய்க்கு நம்மைப் போல உடலெங்கும் வியர்ப்பதில்லை. உள்ளங்காலில் மட்டும் சிறிது வியர்க்கும், மற்றையதெல்லாம் நாவைத் தொங்கவிட்டு இளைத்துத் தணித்துக்கொள்வதே. அதன் செருப்பில்லாத காலுக்கும் சூடேறிய தரைக்கும் இடையே வேறொன்றும் இல்லை. புறங்கையைத் தரையில் வைத்து ஏழு விநாடி பொறுக்க முடியாவிட்டால் நாயை அங்கே விடாதீர் என்பர் விலங்கு மருத்துவர். முற்றம் முழுவதையும் மூடிவிட்டால், விடாமல் எங்கே விடுவது?

நம் ஊர் நாய்கள் உச்சிவேளையில் செய்வதை நோக்குக. மாமரத்தடியில் மேல்மண்ணைக் காலாற் பறித்து, உள்ளிருக்கும் குளிர்ந்த மண்ணில் வயிற்றை வைத்துக் கிடக்கும். கற்றுக்கொடுத்தவர் எவருமில்லை. இந்தப் பறிக்கும் வழக்கம் பொய்ப்புல்லைக் கண்டால் நிற்கப்போவதில்லை, ஓரத்தைக் கிளப்பிவிடும். புல்லுதல் என்றால் தழுவுதல். மெய்ப்புல் மண்ணைப் புல்லிக் கிடக்கிறது. இந்தப் பொய்ப்புல்லையோ ஆணி அடித்து, விளிம்பைக் கல்லிற் புதைத்துப் பிடித்துவைக்க வேண்டியிருக்கிறது.

குட்டி நாயுள்ள வீட்டாருக்கு இன்னொன்று. நாய், பன்றி, புலி, முயல் என்னும் நான்கின் இளமைக்கும் குருளை என்னும் பெயரை மரபியல் தருகின்றது. நால்வகைக் குருளையுள்ளும் நாய்க்குருளை கடிக்காத பொருள் இல்லை. 2008 இல் அமெரிக்காவின் நியூ ஜேர்சி மாநிலத்தில் சில நைலோன் புற்றரைகளின் இழையில் ஈயம் கலந்திருப்பது தெரியவந்தது. நிறம் மங்காதிருக்க இட்ட சாயத்தின் விளைவு. எனவே ஈயமில்லை என்னும் சோதனைச் சான்றைக் கேட்டு வாங்க வேண்டும். வளர்ந்த நாயும் புல் தின்னும். வயிறு சரியில்லாதபோது மருந்தாகத் தின்கிறது என்பது நம் வழக்கு. கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தார் 2008 இல் வெளியிட்ட ஆய்வில் நாய் வளர்ப்போர் ஆயிரத்து ஐந்நூற்றுவருக்கு மேற்பட்டோரை வினவியிருந்தார்கள். தின்பதற்கு முன் நோய்க்குறி காட்டிய நாய் பத்தில் ஒன்றுக்கும் குறைவு. பின்னர் வாந்தி எடுப்பவை ஐந்தில் ஒன்று அளவே. புல் தின்பது நாய்க்கு இயல்பான ஒழுக்கம் என்பதே அவர்தம் முடிபு. பிள்ளையாருக்குச் சாத்தும் அறுகை வைரவரின் வாகனமும் விரும்புகிறது. அது மெல்ல ஒரு பிடி அறுகாவது வளவில் இருக்க வேண்டாமா?

கழுவுதல் பற்றி ஒரு சொல். மணம் எழுந்ததும் நம்மவர் கை நீள்வது குளோரின் தூளை நோக்கியே. சிறுநீரின் அமோனியாவோடு அது கூடினால் மூச்சை அடைக்கும் நச்சுவாயு பிறக்கும். நொதிகள் கலந்த கழுவுநீர் கடைகளில் உண்டு. அல்லது நிறைய நீர். கழுவிய நீர் எங்கே போகிறது என்பதும் நோக்கத்தக்கது. எங்கள் வளவுகளின் நீர் வாய்க்காலுக்கும், வாய்க்கால் வயலுக்கும், வயலின் வடிநீர் தம்பலகாமக் குடாவுக்கும் போய்ச் சேர்கிறது. தகடு போன்ற மெல்லிய ஓடுடைய சிப்பிகளுக்காகப் பிரித்தானியர் ஆட்சியில் முத்துக்குளிப்புக் குத்தகை விடப்பட்ட குடா அது. ஆண்டுகள் செல்லச் செல்லப் பொய்ப்புல்லின் இழை வெயிலில் நொய்ந்து துகளாகும். அத்துகளும் அவ்வழியே போகும். திடல்களில் தூவும் பிளாஸ்டிக், இறப்பர்த் துகள்களின் விற்பனையை ஐரோப்பிய ஒன்றியம் 2023 இல் சட்டத்தால் தடுத்து, எட்டாண்டுத் தவணை கொடுத்திருக்கிறது.

இவ்வளவும் ஆய்ந்தபின் மாதிரிகளோடு அந்த அம்மையாரிடம் சென்றேன். பெயரைச் சொன்னதும் அவர் வாய்விட்டுச் சிரித்தார். “பல்லும் பொய், இனிப் புல்லும் பொய்யா தம்பி?” என்றவர், சற்றுப் பொறுத்து, “எனக்குக் கால் வழுக்காமல் இருந்தாற் போதும். மற்ற இடத்தை நான் கூட்டிக்கொள்ளுவன். கூட்டாட்டி எனக்கு விடியாது” என்றார். மகன் கேளாத கேள்விக்கு அவர் விடை சொல்லிவிட்டார்.

அவர் மகனுக்கு நான் எழுதியது இது. முற்றம் முழுவதும் வேண்டாம். விறாந்தைப் படியிலிருந்து கிணற்றடி வரை, வேப்பமர நிழல் விழும் பக்கத்தில், எட்டடி அகலத்துக்குப் பொய்ப்புல் இடலாம். அம்மா நடப்பதும் நாயின் கால்கள் சேறு துடைத்துக்கொள்வதும் அந்த வழியிலேயே. பொலிஎதிலீன் இழை, குட்டை உயரம், கீழே உடைகல், இறப்பர்த் துகள் இல்லை. மாமரத்தடி மண் நாய்களுக்கே உரியது, அதைத் தொடக்கூடாது. பின்வேலியோரம் ஒரு மணற்குழி வைத்தால் அவற்றின் காலைக்கடனுக்கு உதவும். எஞ்சிய வெளியில் மலேசியன் புல் வேண்டாம். அது தண்ணீருக்கு ஏங்கும். அறுகே போதும். கருகினாலும் மழை கண்டதும் மறுபடி தளிர்க்கும்.

அம்மையார் அறுகுக்கு இசைந்தார். வாய்க்கால் வரம்பில் வேண்டிய மட்டும் இருக்கிறது; ஐப்பசியில் முதல் மழை விழுந்ததும் கொடியாக வெட்டி வந்து, ஒரு சாண் இடைவெளியில் ஊன்ற வேண்டும். வேர் பிடிக்கும்வரை, மூன்று வாரமளவு, நாய்களைக் கட்டிவைப்பது எப்படி என்பதில்தான் இன்னும் முடிவாகவில்லை.