விரலால் மறையாத நாடு

வரைபடத்தில் ஒரு விரலால் மறைத்துவிடக் கூடிய நாடு என்று எண்ணிக்கொண்டே வெளிநாட்டுப் பயணிகள் சிலர் மலேசியாவுக்கு வருகின்றனர். கோலாலம்பூரில் இறங்கியதும், காலையில் பேருந்து ஏறினால் மாலைக்குள் கினபாலு மலையைக் காணலாமா என்று வினவுவோர் உண்டு. 4,095 மீட்டர் உயரமுள்ள அம்மலை சபாவில் இருக்கின்றது. இடையே கிடப்பது தென்சீனக் கடல். விமானத்தில் சென்றாலே ஏறத்தாழ இரண்டரை மணி நேரமாகும்.

தீபகற்பம் மட்டுமே மலேசியா என்னும் எண்ணமே இதற்குக் காரணம். 1963 செப்டம்பர் 16-இல் மலேசியா உருவானபோது இணைந்த சபாவும் சரவாக்கும் நாட்டின் நிலப்பரப்பில் ஏறத்தாழ அறுபது விழுக்காடாகும். அங்கு இறங்கும்போது தீபகற்பத்தில் வாழும் நாமும் குடிநுழைவு அதிகாரியிடம் அடையாள அட்டையைக் காட்டவேண்டும். பயணிகளை மட்டும் சொல்வானேன்? நம் தோட்டத்துப் பிள்ளைகள் வரைபடத்தில் சென்னையைக் காட்டும் விரைவில் மீரியைக் காட்டுவார்களா என்பது ஐயமே.

பொருளுக்கும் உயிருக்கும் கேடு விளைவிப்பது வேறொரு தவறு. நிலநடுக்கோட்டை அடுத்த நாடு, ஆகவே ஆண்டு முழுவதும் எங்கும் ஒரே வானிலை என்று நம்பி, டிசம்பரில் திரங்கானுத் தீவுகளுக்குப் புறப்பட்டுவிடுகின்றனர். நவம்பர் முதல் வீசும் வடகிழக்குப் பருவக்காற்று, தென்சீனக் கடலின் ஈரத்தைச் சுமந்து வந்து கிழக்குக் கரையில் கொட்டுகின்றது. கிளந்தான், திரங்கானு, பகாங் மாநிலங்களில் வெள்ளம் பெருகுவதும் அப்போதுதான். ரெடாங், பெர்ஹெந்தியான் தீவுகளில் விடுதிகள் பல மூடப்படுகின்றன. அலையும் நீரோட்டமும் கடுமையாவதால், நீந்தத் தெரிந்தவரும் கடலில் இறங்கலாகாது. அதே நாட்களில் லங்காவியில் வெயில் காயும்! ஈரக்காற்றைத் தித்திவங்சா மலைத்தொடர் பெருமளவு தடுத்துவிடுவதால், மேற்குக் கரையின் வடபகுதியில் அது வறண்ட காலம். ஆண்டிறுதி விடுமுறையில் உறவினர் எவரேனும் கடல் காண வருவதாக எழுதினால், எந்தக் கரைக்கு என்று முதலில் கேட்டுக்கொள்வது நலம்.

சாலையோரத்தில் வண்டியை நிறுத்தி, நம் ரப்பர் மரங்களை இயற்கைக் காடு என்றெண்ணிப் படம் பிடிப்போரும் உளர். நாமே 'பால்மரக்காடு' என்று சொல்லிப் பழகிவிட்டோமே, அவர்களை நொந்து என்ன பயன்! ஆயினும் நிரை பிடித்து நிற்கும் காடு உலகில் ஏது? இம்மரத்தின் தாயகம் அமேசான் காடு. 1876-இல் பிரேசிலிலிருந்து இலண்டன் கியூ தாவரத் தோட்டத்துக்கு விதைகள் சென்றன. மறு ஆண்டு அங்கிருந்து 22 கன்றுகள் சிங்கப்பூர் வந்தன. அவற்றுள் ஒன்பது பேராக்கிலுள்ள கோலகங்சாரில் நடப்பட்டன. அக்காலத்து மரம் என்று பேணப்படும் ஒன்று அவ்வூர் மாவட்ட அலுவலகத்தின் அருகில் இன்றும் நிற்கின்றது. காடு எது, தோட்டம் எது என்று கேட்கும் பயணிக்கு அம்மரத்திற்கே வழி சொல்லலாம்.