கரையில் இருப்பவரும் தொலைவில் இருப்பவரும்: தொண்டு அமைப்புகளின் சமூக ஊடகப் பணி

சமூக ஊடகத்தில் இறங்கும் தொண்டு அமைப்பு, தான் யாரிடம் பேசப்போகிறது என்பதை முதலில் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். புத்தளம் மாவட்டத்தின் கண்டக்குழியை எடுத்துக்கொண்டால் இது எளிதில் விளங்கும். கற்பிட்டித் தீபகற்பத்தில், ஒருபுறம் கடலும் மறுபுறம் களப்பும் சூழ்ந்த மீனவ ஊர் அது. அப்பகுதிக் கடலில்தான் 1992இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட பார் ரீஃப் பவளப்பாறைகள் உள்ளன. நவம்பர் முதல் ஏப்ரல் வரை டொல்பின் பார்க்க வெளிநாட்டவர் வருகிறார்கள். இங்கே கடலைக் காக்க உழைக்கும் ஓர் அமைப்பிற்கு இரண்டு வகை மக்கள் இருக்கிறார்கள்: அந்தக் கடலை நம்பிப் பிழைப்பவர்கள், தொலைவிலிருந்து அதை நேசிப்பவர்கள். இருவருக்கும் ஒரே பதிவைப் போடுவது, பெரும்பாலும் இருவரையும் சென்றடையாமல் போவதில்தான் முடியும்.

தொலைவில் இருப்பவர்கள் பெரும்பாலும் பேஸ்புக்கிலும் இன்ஸ்டாகிராமிலும் கிடைப்பார்கள். ஒரு பக்கத்தைப் பின்தொடரும் எல்லோருக்கும் அதன் பதிவுகள் தெரிவதில்லை. 2018 ஜனவரியில் பேஸ்புக் தன் வரிசைமுறையை மாற்றி, நிறுவனப் பக்கங்களைவிட நண்பர்களும் குடும்பத்தினரும் தமக்குள் பேசிக்கொள்ளும் பதிவுகளுக்கு முன்னுரிமை கொடுத்தது. அதன்பின் கட்டணம் செலுத்தாத பக்கங்கள் சென்றடையும் தூரம் வெகுவாகச் சுருங்கியது. எனவே விருப்பக்குறி மட்டும் வாங்கும் பதிவைவிட, மறுமொழியும் பகிர்வும் வாங்கும் பதிவே சிறிய அமைப்பிற்கு உதவும். பவளப்பாறைகள் அழகானவை என்று எழுதினால் படித்தவர் தலையாட்டிவிட்டு நகர்ந்துவிடுவார். 1998இலும் 2016இலும் கடல் சூடேறிப் பவளங்கள் வெளிறிப்போனதைச் சொல்லி, அதற்கு முன்பு இங்கே முக்குளித்தவர்களிடம் பழைய படங்களைக் கேட்டால் பதில் வரும். வந்த பதில்களுக்கு அமைப்பும் பதில் எழுத வேண்டும். பலர் இதைத்தான் செய்யத் தவறுகிறார்கள்.

கரையில் இருப்பவர்களுக்கு வாட்ஸ்அப்பே கைக்கு நெருக்கம். அதன் கட்டுப்பாடுகளைத் தெரிந்துவைத்திருப்பது நல்லது. ஒரு குழுவில் 1024 பேர் வரை சேரலாம். ஒலிபரப்புப் பட்டியலில் 256 பேர் வரை சேர்க்கலாம். ஆனால் அமைப்பின் எண்ணைத் தம் தொலைபேசியில் சேமித்து வைத்திருப்பவருக்கு மட்டுமே செய்தி போய்ச் சேரும். ஆகவே ஊர்க் கூட்டம் ஒன்றில் எண்ணைச் சேமிக்கச் சொல்வது பல பதிவுகளைவிடப் பயன் தரும். வதந்திகள் பரவுவதைக் குறைக்க, 2019இல் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து உரையாடல்களுக்கு மட்டுமே முன்னனுப்பலாம் என்ற வரம்பு எல்லா நாடுகளிலும் வந்தது. நீண்ட எழுத்தைவிட ஒரு நிமிடக் குரல்பதிவு நன்றாகப் போய்ச் சேரும். அது தமிழிலும் சிங்களத்திலும் தனித்தனியாக, ஊர்க்காரர் ஒருவர் குரலில் இருக்க வேண்டும். படகுகள் கரையேறி மீன் விற்கும் பரபரப்பில் அனுப்பினால் யாரும் கேட்க மாட்டார்கள். வாடியில் வலை பொத்தும் நேரத்தில் கேட்பார்கள்.

மக்களைச் செயலுக்கு அழைப்பது எப்படி என்பதற்கு இலங்கையின் மேற்குக் கரையிலேயே பாடம் இருக்கிறது. 2021 மே 20 அன்று கொழும்புக்கு அப்பால் எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பலில் தீப்பிடித்தது. அதில் 1,486 கொள்கலன்கள் இருந்தன. சுமார் 1,680 தொன் பிளாஸ்டிக் மணிகளும் நைத்திரிக் அமிலமும் அவற்றில் அடக்கம். பருப்பளவேயான அந்த வெண்மணிகள் நீர்கொழும்பை அடுத்த சரக்குவக் கரையில் மணலை மூடிக் குவிந்தன. அப்போது கொரோனாப் பயணத்தடை நடைமுறையில் இருந்தது. கரையொதுங்கியவற்றில் இரசாயனம் இருக்கலாம் என்பதால் எதையும் தொட வேண்டாம் என்று அதிகாரிகள் எச்சரித்தார்கள். அந்த நாட்களில் ஒரு தொண்டு அமைப்பு செய்யக்கூடிய மிகப் பொறுப்பான காரியம், ஓடிவரத் துடித்த மக்களை வர வேண்டாம் என்று சொல்வதுதான். தடை தளர்ந்த பிறகு, 2018இல் தொடங்கிய த பேர்ள் புரொடெக்டர்ஸ் என்ற தன்னார்வ அமைப்பு சமூக ஊடகம் வழியே ஆட்களைத் திரட்டிக் கரையில் மணல் சலித்து மணிகளைப் பிரித்தெடுக்கும் வேலையில் இறங்கியது.

இத்தகைய அழைப்பு வெற்றி பெறுவதற்குக் காரணம் வேலையின் அளவு தெளிவாக இருப்பதே. எந்தக் கரை, எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரம், சல்லடை கொண்டுவர வேண்டுமா என்பது தெரிந்தால் தயங்குபவரும் வருவார். ‘கடலைக் காப்போம்’ என்றால் எங்கே போய் நிற்பது என்று அவருக்குத் தெரியாது. வேலை முடிந்ததும் எத்தனை மூடை சேர்ந்தது, அவை எங்கே கொண்டுபோகப்பட்டன என்ற செய்தியும் அதே பக்கத்தில் வர வேண்டும். கணக்கு வராத இடத்துக்கு மக்கள் இரண்டாம் முறை வருவதில்லை. கொழும்புக் குப்பையை அருவக்காட்டில் கொட்டும் திட்டத்தை எதிர்த்து 2018இல் புத்தளத்தில் எழுந்த ‘கிளீன் புத்தளம்’ இயக்கத்திலும் இந்தத் தெளிவு இருந்தது: இந்தக் குப்பை இங்கே வேண்டாம் என்ற ஒரே கோரிக்கையைச் சத்தியாக்கிரகப் பந்தலும் சமூக ஊடகமும் சேர்ந்தே பேசின.

படங்களில் மிகுந்த கவனம் தேவை. வலையில் சிக்கிய ஆமையை விடுவிக்கும் மீனவரின் காணொளி பலரை நெகிழவைக்கும். ஆனால் ஆமை சட்டப் பாதுகாப்புப் பெற்ற உயிரினம். முகமோ படகின் பதிவெண்ணோ தெரிந்தால் நல்லது செய்தவரே விசாரணைக்கு முகம்கொடுக்க நேரலாம். அடுத்த முறை அவர் யாரிடமும் சொல்லவே மாட்டார். டொல்பின் கூட்டத்தைப் படகுகள் நெருங்கிச் சுற்றும் காட்சியைப் பரப்பும் அமைப்பு, தான் தடுக்க நினைக்கும் தொல்லைக்கே விளம்பரம் செய்கிறது. சிறுவர் படங்களுக்குப் பெற்றோர் சம்மதம் கட்டாயம். வறுமையைக் காட்டிப் பணம் கேட்பது உடனே பலன் தரலாம். ஆனால் அந்தப் படத்தை ஊராரும் பார்க்கிறார்கள்.

நன்கொடை கேட்பதில், தலையில் ஐஸ் நீரை ஊற்றிக்கொள்ளும் 2014இன் ஐஸ் வாளிச் சவாலை எல்லோரும் உதாரணம் காட்டுவதுண்டு. ஏஎல்எஸ் என்ற நரம்பு நோய்க்கான அமெரிக்காவின் ஏஎல்எஸ் சங்கத்திற்கு அது 11.5 கோடி டொலர் ஈட்டித் தந்தது. அதைப் பார்த்து இன்னொரு சவாலைக் கிளப்ப முயன்று காலம் கழிப்பது சிறிய அமைப்பிற்கு உதவாது. கனடாவிலோ லண்டனிலோ இருக்கும் ஊர்க்காரர் முதலில் தேடுவது, தன்னார்வ சமூக சேவை அமைப்புகளுக்கான 1980ஆம் ஆண்டின் 31ஆம் இலக்க இலங்கைச் சட்டத்தின் கீழான பதிவு போன்ற சான்றுகள், அமைப்பின் பெயரிலேயே உள்ள வங்கிக் கணக்கு, போன தொகைக்கான செலவு விவரம் ஆகியவற்றைத்தான். இவை பக்கத்தின் முகப்பிலேயே இருக்க வேண்டும்.

எல்லாவற்றையும் ஒரே தளத்தில் வைத்திருப்பதும் ஆபத்து. 2018 மார்ச்சிலும் 2019 ஏப்ரலிலும் இலங்கையில் பேஸ்புக்கும் வாட்ஸ்அப்பும் நாட்கணக்கில் முடக்கப்பட்டன. தொண்டர்களின் பெயரும் தொலைபேசி எண்ணும் ஒரு கொப்பியில் எழுதிவைக்கப்பட்டிருந்தால், அப்படிப்பட்ட நாட்களில் குறுஞ்செய்தியாலும் தேவாலய, பள்ளிவாசல் அறிவித்தல்களாலும் வேலை தொடரும்.